காரைக்குடியிலிருந்து கிராஃப்ட் பீர் தேடிப் போகிறவருக்கு

கேட்டவர் பள்ளத்தூர்த் தம்பி. சென்னையில் வேலை, மாதம் ஒருமுறை ஊர்ப்பக்கம் வருகிறவர். பெங்களூர் நண்பர்கள் பீர் திருவிழாவுக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா, இருபது முப்பது குழாய் வரிசையாக இருந்தால் எதிலிருந்து ஆரம்பிப்பது, சின்ன ஆலைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சுகிற கிராஃப்ட் பீர்களில் புதிதாக வருவது எது தேறும், நம் பக்கம் காரைக்குடியில் எங்கேயாவது கிடைக்குமா, கவுனி அரிசியில் பீர் போடலாம் என்கிறார்களே, நிஜமா? இவ்வளவும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். நான் எட்டு வருடம் பெங்களூரில் ஒரு ப்ரூபப்பில் (பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிற கடை) தொட்டி கழுவுவதில் ஆரம்பித்து பீர் காய்ச்சுவது வரை வேலை பார்த்தவன், இப்போது ஊரோடு வந்தாயிற்று. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

காரைக்குடியில் கிடைக்குமா என்பதை முதலில் முடித்துவிடலாம். கிடைக்காது. 2003லிருந்து தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை மொத்தமும் டாஸ்மாக் கையில், அங்கே அலமாரிக்கு வருவது பெரிய ஆலைகளின் பாட்டில்தான். காய்ச்சுகிற தொட்டியும் குடிக்கிற மேசையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் மைக்ரோப்ரூவரி வேண்டுமென்றால் நமக்குப் பக்கம் புதுச்சேரி, அடுத்தது பெங்களூர். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை தம்பி. ஒரு வகையில் நல்லதுதான், ஏன் என்று சொல்கிறேன்.

நான் பெங்களூரில் இருந்தபோது பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தேன். எங்கள் ஆலையில் அந்த வாரம்தான் ஐபிஏ என்கிற கசப்பு பீர் ஒன்று இறங்கியிருந்தது, பிரமாதமாக வந்திருந்தது, எலுமிச்சைத் தோலும் மாம்பழமும் கலந்தாற்போல வாசம். இரண்டு லிட்டர் ஸ்டீல் க்ரௌலரில் (மூடி போட்ட பீர்க் குடுவை) பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ராத்திரி பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டேன் (மாநில எல்லை தாண்டி அப்படிக் கொண்டுவருவது சட்டப்படி சரியில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது, நீங்கள் செய்யாதீர்கள்). கல்யாண வீட்டில் ஃபிரிட்ஜ் முழுக்கப் பூவும் பாலும். அதனால் க்ரௌலரைக் கயிற்றில் கட்டிப் பின்கட்டுக் கிணற்றில் இறக்கி வைத்தோம், மூடி சரியாக இறுக்கியிருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. மறுநாள் ராத்திரி கல்யாண வேலையெல்லாம் ஓய்ந்து, முகப்புத் திண்ணையில் அண்ணன்மார் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்க, நான் பெரிய பீடிகை போட்டுவிட்டு ஊற்றினேன். நுரையே இல்லை. வாசம் நனைந்த அட்டைப் பெட்டி. மூத்த அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்குத்தான் எட்டு வருஷமா அங்க இருக்கியா?" என்றார்.

பீரின் மேல் தப்பில்லை, தப்பு என் மேல். கிராஃப்ட் பீர் பெரும்பாலும் பாஸ்ச்சரைஸ் செய்யாதது, பலவற்றில் ஈஸ்டைக்கூட முழுதாக வடிகட்டமாட்டார்கள். குழாயிலிருந்து க்ரௌலருக்குப் பிடிக்கும்போதே காற்று உள்ளே புகுந்துவிடும். ஆக்சிஜனும் சூடும் சேர்ந்தால், பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூவின் வாசம் முதலில் போகும், அப்புறம் அந்த அட்டை வாசம் வரும். வெளிச்சம் பட்டால் இன்னொரு கேடு: ஹாப்ஸில் இருக்கும் கசப்புப் பொருள் வெயிலில் உடைந்து கந்தக நாற்றம் கொடுக்கும். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் இதைத் தடுக்காது, பழுப்பு பாட்டில் ஓரளவு தடுக்கும். கேன் என்றால் இந்தத் தொல்லையே கிடையாது. பனங்கள் பற்றி வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், 1987ல் தடை வரும் முன்னால் குடித்தவர்கள் சொல்வார்கள்: விடிகாலையில் இறக்கியது இனிப்பு, சாயங்காலம் புளிப்பு, மறுநாள் காடி. பீர் அவ்வளவு வேகமாகக் கெடாது, ஆனால் ஜாதி அதே ஜாதிதான். அதனால்தான் சொல்கிறேன், அது நம்மைத் தேடி வரக்கூடாது, நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும். புது வெளியீடு என்றால் புதுப் பெயர் என்று நினைக்காதீர்கள், புது நாள் என்று நினையுங்கள். போன மாதம் வந்த புதுமையைவிட முந்தாநாள் திறந்த சாதாரண வீட் பீர் (கோதுமை பீர்) மேல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐபிஏ என்பதன் விரிவு இந்தியா பேல் ஏல். லண்டனுக்குக் கிழக்கே பௌ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் குடும்பத்து ஆலையிலிருந்தும், அப்புறம் பர்ட்டன் ஊர் ஆலைகளிலிருந்தும் கப்பலேறி இந்தியாவுக்கு வந்த பீர் அது. ஹாப்ஸை அள்ளிப் போட்டதால் மாதக்கணக்கான கடல் பயணத்தைத் தாங்கியது. இன்றைக்கு அதே பெயரில் வருவது ஹாப்ஸ் வாசத்துக்காகச் செய்வது, அந்த வாசம்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் பறந்துபோகும். ஆறு மாதம் கப்பலில் வந்ததன் பேரப்பிள்ளைக்கு ஒரு ராத்திரி பஸ் தாங்கவில்லை.

சரி, யார் யார் நன்றாகச் செய்கிறார்கள்? இந்த அலை நம் நாட்டில் 2009ல் புனேயில் டூலாலி என்ற மைக்ரோப்ரூவரியோடு ஆரம்பித்தது. மறு வருடம் பெங்களூர் இந்திரா நகரில் டாய்ட், 2012ல் ஆர்பர், அதே சமயத்தில் ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ். ஆர்பர் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் ஊர்க் கடையின் கிளையாக வந்தது, பிறகு கோவாவில் கேனிலும் அடைக்க ஆரம்பித்தார்கள். டாய்ட்டில் பாஸ்மதி அரிசி சேர்த்த ஒரு பீர் உண்டு, அரிசி போட்டால் மட்டம் என்று நினைக்கிறவர்கள் அதைக் குடித்துப் பார்க்கலாம். பழைய மெட்ராஸ் ரோட்டில் கைஸ்ட் இருக்கிறது. கோதுமை பீர் வேண்டுமென்றால் அவர்களுடைய விட்டி விட், கசப்பு வேண்டுமென்றால் காமசித்ரா, எனக்குப் பிடித்தது அங்கிள் டுங்கல் என்ற கறுத்த வகை. கோவாவில் கோவா ப்ரூயிங் கம்பெனியின் எய்ட் ஃபிங்கர் எட்டி, இது ஐபிஏ. புனேயில் கிரேட் ஸ்டேட் ஏல்வொர்க்ஸ் கோகம் என்ற புளிப்புப் பழம் மாதிரி அந்தந்த ஊர்ச் சரக்கை வைத்துப் புளிப்பு பீர் செய்வதில் கெட்டிக்காரர்கள். புதுச்சேரியில் கேட்டமரான் ப்ரூயிங் இருக்கிறது, நமக்கு அதுதான் பக்கம். பீரா 91 எல்லாருக்கும் தெரியும், 2015ல் வந்தபோது முதலில் பெல்ஜியத்தில் காய்ச்சி இங்கே கொண்டுவந்தார்கள். கிராஃப்ட் என்ற சொல்லைப் பலர் காதில் போட்டது அவர்கள்தான், அது கிராஃப்டா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

புது வெளியீடுகள் பருவத்தோடு வரும். கோடையில் மாம்பழம், செப்டம்பர் அக்டோபரில் மெர்ட்சன் என்ற ஜெர்மன் பீர், டிசம்பரில் பட்டை கிராம்பு போட்ட கெட்டி ஏல். மெர்ட்சன் என்ற பெயர் மார்ச் மாதத்திலிருந்து வந்தது, மார்ச்சில் காய்ச்சிக் குளிர்ச்சியான நிலவறையில் இலையுதிர் காலம் வரை வைத்திருப்பார்கள். மாம்பழ பீர் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. நிஜப் பழக்கூழைப் புளிக்கிறபோதே போட்டால் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும், மிஞ்சுவது லேசான வாசமும் கொஞ்சம் புளிப்பும்தான். குடித்தவுடன் மாம்பழ ஜூஸ் மாதிரி தித்தித்தால் கடைசியில் சிரப்போ எசன்ஸோ ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கேளுங்கள், காய்ச்சுகிறவர் அங்கேயே இருந்தால் சொல்லிவிடுவார், அவர்களுக்கும் பேச ஆள் கிடைத்த சந்தோஷம்.

இனி திருவிழா. உலகத்தில் இரண்டு மாதிரி உண்டு. ஒன்று மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட், 1810ல் பட்டத்து இளவரசர் லுட்விக் கல்யாணக் கொண்டாட்டத்தில் ஆரம்பித்தது. அந்த ஊர் ஆலைகள் ஆறு மட்டும்தான் அங்கே ஊற்றலாம், ஊற்றுவது ஒரு லிட்டர் குவளையில். இன்னொன்று அமெரிக்காவில் 1982ல் போல்டர் ஊரில் ஆரம்பித்துப் பிறகு டென்வருக்கு மாறிய கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவல், அங்கே ஒரு ஊற்று ஒரு அவுன்ஸ், அதாவது 30 மில்லி, ஆனால் ஆலைகள் நூற்றுக்கணக்கில். முதலாவது ஊர்த் தேர்த்திருவிழா மாதிரி, ஒரே சாமி. இரண்டாவது சந்தை, பார்த்துத் தொட்டு முகர்ந்து வாங்குகிற இடம். சிங்கப்பூரில் 2009ல் ஆரம்பித்த பீர்ஃபெஸ்ட் ஏஷியா இந்த இரண்டாவது ஜாதி. நம் பக்கத்து வீடுகளில் பாதிக்கு அங்கே ஆள் இருப்பதால் சொல்கிறேன், போகிற சமயம் ஒத்துவந்தால் பாருங்கள். அங்கே ப்ரூவர்க்ஸ் என்ற ஆலை 2018ல் சுத்திகரித்த கழிவுநீரில் நியூப்ரூ என்று ஒரு பீர் போட்டது. முகம் சுளிக்க வேண்டாம், பீரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், சுத்தமான தண்ணீரில் உப்பைத் தேவைக்குச் சேர்த்துக்கொள்வது எந்த ஆலையும் செய்வது.

பெங்களூரில் பீர் திருவிழா என்று நடப்பதில் நான் பார்த்தவரை பாதி இசைக் கச்சேரி. டிக்கெட்டில் பாட்டுக்காரர் பெயர் பெரிதாகவும் ஆலைகளின் பெயர் பொடி எழுத்திலும் இருந்தால் அது கச்சேரிதான், பீர் பிளாஸ்டிக் டம்ளரில் வரும். ஆலைகளின் பெயரோடு எந்தெந்த பீர் வரும் என்ற பட்டியலையும் முன்கூட்டியே வெளியிட்டிருந்தால் நம்பிப் போகலாம். சீக்கிரம் போங்கள், கதவு திறந்த முதல் இரண்டு மணி நேரம்தான் திருவிழா, அதற்குப் பிறகு வரிசை. சின்ன ஊற்றாகக் கேளுங்கள், எட்டு வகைக்கு மேல் நாக்குக்குத் தெரியாது, தெரிவதாகச் சொல்கிறவர் பொய் சொல்கிறார், நான் உட்பட. முதலில் லேகர் (கிங்ஃபிஷர் மாதிரி பொன்னிற பீர்), அப்புறம் வீட் பீர், அப்புறம் புளிப்பு, பிறகுதான் ஐபிஏ, கடைசியில் ஸ்டவுட் என்கிற கறுத்த கெட்டி பீர். நிறத்தைப் பார்த்து பயப்பட வேண்டாம். கன்னங்கரேலென்று இருக்கிற கின்னஸில் ஆல்கஹால் 4.2 சதவீதம், பொன்னிறத்து கிங்ஃபிஷர் பிரீமியத்தில் 4.8. கசப்பைத்தான் கவனிக்க வேண்டும், ஒரு கசந்த ஐபிஏவைக் குடித்துவிட்டு லேகர் குடித்தால் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும்.

குழாயடியில் நிற்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தக் கெக் (பீர்ப் பீப்பாய்) என்றைக்கு நிரப்பியது? நாளைச் சொல்லி, இரண்டு மூன்று வாரத்துக்குள் இருந்தால் வாங்குங்கள். தெரியாது என்றால் அடுத்த குழாய். அப்புறம் டம்ளரை மூக்குக்குக் கொண்டுபோங்கள். வெண்ணெய் உருக்கிய வாசம் வந்தால் அவசரப்பட்டு ஈஸ்டிலிருந்து பிரித்துவிட்டார்கள், பச்சை ஆப்பிள் வாசமும் அப்படித்தான், முழுதாக முதிரவில்லை. வேகவைத்த மக்காச்சோளம் மாதிரி இருந்தால் கொதி போதவில்லை. காடி வாசம் வந்தால் பெரும்பாலும் குழாய் கழுவவில்லை. ஜெர்மன் பாணி வீட் பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணந்தால் மட்டும் அது குற்றமில்லை. வாழைப்பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை, இரண்டையும் அந்த ஈஸ்ட்டே உண்டாக்குகிறது. முதல்முறை எனக்கு இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை, ஆச்சி வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் செட்டிநாட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மிளகாய் காரத்துக்கு ஐபிஏ நன்றாக இருக்கும் என்று பெங்களூர் மெனு கார்டுகளில் எழுதியிருப்பார்கள், நம்பாதீர்கள். கசப்பும் வாயுவும் ஆல்கஹாலும் மூன்றும் சேர்ந்து எரிச்சலை ஏற்றிவிடும். உப்புக்கறிக்கும் கோழி வறுவலுக்கும் டுங்கல் மாதிரி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) இனிப்புள்ள கறுத்த பீர் பொருந்தும், வறுத்த மால்ட்டும் வதங்கிய சின்ன வெங்காயமும் ஒரே வழியில் போகிற ருசி. நண்டு மசாலாவுக்கு பெல்ஜியம் பாணி விட் பீர், அதில் மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுத்தான் காய்ச்சுவார்கள், நம் மசாலாவிலும் மல்லிதானே முன்னால் நிற்கிறது. ஐபிஏவுக்குத் தேன்குழல் போதும், உப்பும் எண்ணெயும் கசப்பைத் தட்டி வைக்கும். ஸ்டவுட்டுக்குக் கந்தரப்பம், இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், ஒருமுறை செய்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

போகிற வழி: புதுச்சேரிக்கு என்றால் காரைக்குடியில் விடிகாலை கிளம்பும் பல்லவன் ரயிலில் ஏறி விழுப்புரத்தில் இறங்கினால் அங்கிருந்து பஸ்ஸில் 40 கிலோமீட்டர்தான். கார் எடுத்துப் போகாதீர்கள். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம்தான் சட்டம் வைத்த எல்லை, சிலருக்கு ஒரு பைன்ட்டே அதைத் தாண்டிவிடும். ராத்திரி அங்கேயே தங்கிக் காலையில் திரும்புங்கள், பாட்டில் எதுவும் பையில் வேண்டாம், எல்லைச் சாவடியில் பறிகொடுப்பதோடு வழக்கும் வரும். கிளம்பும் முன் போன் போட்டு இன்றைக்குக் குழாயில் என்ன ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், சின்ன ஆலையில் ஒரு தொட்டி தீர்ந்தால் அடுத்தது வர இரண்டு மூன்று வாரம் ஆகும்.

கடைசியாகக் கவுனி. நிஜம், போடலாம், நானே ஒரு சின்னத் தொட்டியில் 50 லிட்டர் போட்டிருக்கிறேன். ஊரிலிருந்து கருப்புக் கவுனி கொண்டுபோய், மால்ட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து அதற்குப் பதில் இதைச் சேர்த்தோம். மால்ட் ஊறுகிற சூடு 66 டிகிரி வாக்கில், அந்தச் சூட்டில் அரிசி மாவுச்சத்து சரியாக இளகாது, அதனால் ராத்திரி முழுக்க ஊறவைத்துத் தனியாகக் கஞ்சி காய்ச்சித்தான் சேர்க்க வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். கவுனி ஒட்டுகிற ஜாதி, கஞ்சி கூழாகி ஜல்லடைத் தகட்டில் அப்பிக்கொண்டது, சாறு ஒரு சொட்டு இறங்கவில்லை. பார்லிக்கு உமி உண்டு, அதுவே வடிகட்டியாக வேலை செய்யும், உமி நீக்கிய அரிசிக்கு அது கிடையாது. கடைசியில் என்ன செய்தோம் தெரியுமா, கழுவிய நெல் உமியையே இரண்டு கூடை கொண்டுவந்து கலந்தோம். அப்புறம் இறங்கியது. உமி சேர்ப்பது ஆலைகளில் தெரிந்த உத்திதான், நாங்கள்தான் முதலிலேயே யோசிக்கவில்லை.

நிறம்தான் விசேஷம். ஊறலில் கத்தரிக்காய் நிறமாக இருந்தது, ஈஸ்ட் வேலையை முடித்துப் புளிப்பு ஏறியதும் நாவல்பழச் சாறு மாதிரி சிவந்துவிட்டது. கவுனித் தோலில் இருக்கும் நிறச்சத்து புளிப்பில் சிவக்கும் தன்மையுள்ளது. ருசி மெல்லிசு, வறுத்த கடலை வாசம் கொஞ்சம், நன்றாகவே இருந்தது. முதல் வாரம் வந்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். மூன்றாவது வாரம் தொட்டியின் அடியில் மிஞ்சியதைப் பிடித்துப் பார்த்தால் ஆறிப்போன டீயின் நிறம். எங்கேயாவது கவுனி பீர் என்று பலகை பார்த்தால் சிவப்பா பழுப்பா என்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

ஊருக்கு வந்து ஆச்சியிடம் சொன்னேன், பீர் என்று சொல்லாமல், கவுனியைப் புளிக்கவைத்து ஒரு பானம் செய்தோம் என்று. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தேங்காய் போட்டீகளா?" என்றார்கள். இல்லை ஆச்சி என்றேன். "சீனியாவது?" அதுவும் இல்லை என்றதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.